உப்பு அம்பாரமும் பனி அம்பாரமும்

நவம்பர் 9, வியாழன்

இந்த டைரி தூத்துக்குடி உரக்கடையில் சும்மா கொடுத்தது. ஊர் திரும்பியதும் உப்பளச் சங்கத்து வாசலில் நாற்காலி போட்டு நான் வாசிப்பேன், மற்றவர்கள் கேட்பார்கள். ஆகவே நடந்ததை நடந்தபடியே எழுதப்போகிறேன். ஞானதிரவியம் ஒரு வார்த்தை கூட்டிச் சொன்னான் என்று எவனும் சொல்ல முடியாது.

கனடா வந்து சேர்ந்தேன். நடுவானில் விமானம் குலுங்கியபோது முந்நூறு பேரும் கண்ணை மூடி ஜெபித்தார்கள். நான் ஒருவன்தான் இன்னொரு பன் கேட்டேன். இறங்கும்போது விமானியே என் முதுகில் தட்டிக்கொடுத்தார். விமானியாகத்தான் இருக்கவேண்டும், தொப்பி வைத்திருந்தார்.

வந்த வேலை, அக்கா நவமணியின் மகள் பியூலாவை ஊருக்கு அழைத்துப் போவது. பாறைப் படிப்புப் படிக்க வந்தவள், படித்து முடித்து, ராக்கி மலையில் பனிச்சறுக்கு விளையாடுகிற இடம் ஒன்றில் பாதுகாப்பு வேலை பார்க்கிறாள். கூட ஒரு நாய். பனிச்சரிவில் புதைந்தவர்களை மோப்பம் பிடித்துத் தோண்டுகிற நாய். போன வருடம் அது தேர்வில் தவறிவிட்டது. டிசம்பர் ஒன்பதாம் தேதி மறுதேர்வு. அதிலும் தவறினால் இந்த மலையில் நாய்க்கும் இடமில்லை, அவளுக்கும் இடமில்லை. "அப்பொறம் நான் ஊருக்கே வந்துருதேம்மா" என்று அவளே சொல்லியிருக்கிறாள். நாகர்கோவிலில் மாப்பிள்ளை தயார்.

அக்கா என்னை வழியனுப்பும்போது சொன்னது: "ஏலே ஞானம், நீ ஒண்ணும் செய்யாண்டாம். சும்மா கூட இரு. நாயி தோத்ததும் கையோட கூட்டிட்டு வந்துரு."

சும்மா இருப்பதில் என்னை வெல்ல ஆளில்லை.

நாயின் பெயர் டக்கர். வெள்ளைக்காரப் பெயராம். கறுப்பு, காதில் மட்டும் கொஞ்சம் பழுப்பு. என்னைக் கண்டதும் காலடியில் விழுந்தது. ஆளை அறிகிற நாய்.

நவம்பர் 11, சனி

காலையில் பியூலா சுக்குக் காப்பி கொடுத்துவிட்டுச் சுற்றிச் சுற்றி வந்தாள்.

"மாமா, ஒரு ஒதவி வேணும்."

"கேளுளா."

"ஒங்களப் பொதைக்கணும்."

"ஏளா, ஒங்கம்மா சொன்னாளா?"

சிரித்தாள். வந்து இரண்டு நாளில் இதுதான் அவளுடைய முதல் சிரிப்பு.

விஷயம் இதுதான். நாய்க்குப் பயிற்சி கொடுக்க உயிருள்ள ஆள் ஒருவர் பனிக்குள் படுத்திருக்கவேண்டும். பனிச்சறுக்குக்கு மலை திறக்க இன்னும் நாள் இருப்பதால் கூட வேலை செய்கிறவர்கள் யாரும் வந்து சேரவில்லை. ஊருக்குள் கேட்கலாமே என்றேன். "எனக்கு யாரையும் அவ்வளவாப் பழக்கமில்ல மாமா" என்று பாத்திரத்தைத் துலக்கப் போய்விட்டாள். ஐந்து வருடமாக இருக்கிற ஊர்.

வீட்டுக்கு எதிரே வண்டி நிறுத்துகிற சமதரையில் இயந்திரம் தள்ளிக் குவித்த பனி, நம் உப்பு அம்பாரம் போலவே வெள்ளையாக நிற்கிறது. அதில் பியூலா ஒரு குழி குடைந்து, என்னை உள்ளே படுக்கவைத்து, வாசலைப் பனிக்கட்டியால் அடைத்தாள். கையை முகத்துக்கு முன்னால் குவித்து வைத்துக்கொள்ளவேண்டும், மூச்சுக்கு இடம் வேண்டுமாம். உள்ளே நீல வெளிச்சம். சத்தமே இல்லை. நான் கொஞ்சமும் பயப்படவில்லை. வேதாகமத்துத் தொண்ணூற்றோராம் சங்கீதத்தை மூன்று தடவை சொன்னது குரல் வளத்துக்காக.

வெளியே "தேடு!" என்று பியூலாவின் குரல். நாய்க்குத் தமிழில்தான் கட்டளை. கொஞ்ச நேரத்தில் தலைக்குமேல் பரபரவென்று பிராண்டும் சத்தம், பிறகு ஒரு கறுப்பு மூக்கு.

கண்டுபிடித்த நாய்க்குப் பரிசாகப் புதைந்த ஆள் ஒரு கயிற்றை நீட்டி இழுத்து விளையாடவேண்டும். அவ்வளவுதானாம் கூலி! கயிற்றுக்காக எவன் வேலை செய்வான்? என் மேல்சட்டைப் பையில் கொறிக்க வைத்திருந்த நெத்திலிக் கருவாட்டில் ஒன்றைக் கொடுத்தேன். பியூலா பார்க்கவில்லை.

நவம்பர் 12, ஞாயிறு

ஆராதனைக்குக் கோவில் போனோம். பாட்டில் என் குரல்தான் ஓங்கியது. மொழி தெரியாதது ஒரு தடையாக இல்லை.

நவம்பர் 15, புதன்

பனியைப் பற்றி இன்று நான் பியூலாவுக்கு விளக்கினேன்.

முப்பது வருடம் உப்பளத்தில் கிடந்தவன் நான். அம்பாரத்தில் மேலுப்புத்தான் உதிரும். அடியுப்பு நாள்பட நாள்பட இறுகி, கடப்பாரை போட்டால் கடப்பாரை வளையும். வெள்ளையாகக் குவிந்த எதுவும் அப்படித்தான். வண்டி நிறுத்துமிடத்துக் குவியலைக் குத்திப் பார்த்தேன், அடி கல்லாக இருந்தது. அதனால் மலைப்பனிக்கும் அடிதான் பலம் என்றேன்.

"மாமா, உப்பு வேற, பனி வேற" என்று சொல்லி மண்வெட்டியோடு மலையடிவாரத்துக்குக் கூட்டிப்போனாள். தரை தட்டும்வரை தோண்டினாள். தொடை உயரம்தான் இருந்தது. அடியிலிருந்து ஒரு பிடி அள்ளி என் உள்ளங்கையில் வைத்தாள். சீனி! ரேஷன் கடைச் சீனி போலத் தனித்தனி மணி. விரலிடுக்கில் பொலபொலவென்று கொட்டிவிட்டது.

"இது அக்டோபர்ல விழுந்த மொதப் பனி மாமா. அப்போ மெலிசாக் கெடந்திச்சு. கீழ தரைச் சூடு, மேல கடுங்குளிரு. ரெண்டுக்கும் நடுவுல கெடந்து கெடந்து ஒட்டே இல்லாமப் போயிட்டு. அதுக்கு மேல இப்ப விழுதது பலகை மாதிரி எறுகிக் கெடக்கு."

பிறகு பனியை ஒரு தூண் போல வெட்டி நிறுத்தி, மேலே மண்வெட்டியை வைத்து விரலால் தட்டினாள். லேசாகத்தான் தட்டினாள், என் உச்சந்தலையில் தட்டியிருந்தால் எனக்கே தெரிந்திருக்காது. தூணின் மேல்பாதி மேசை இழுப்பறை போல வழுக்கிக்கொண்டு வெளியே வந்தது.

"சரிவுல ஒரு ஆளு கால் வச்சாப் போதும். மொத்தப் பலகையும் வந்துரும். நம்ம வீட்டுக்குப் பின்னால ஓடைக்கரை இருக்கே, அங்ஙனயும் போயிராதிய."

"அதெல்லாம் ஒரு மலையாளா? நம்ம அம்பாரத்துல பாதி இருக்காது."

"சின்னச் சரிவுதான் மாமா ஏமாத்தும். கீழ ஓடைப் பள்ளம். வாரது எல்லாம் அதுலதான் போயி நெறையும்."

தலையாட்டினேன். படித்த பிள்ளை, மனம் நோகக் கூடாது. அடி பலம் என்பது அடி பலம்தான்.

நவம்பர் 18, சனி

பனி கொட்டுகிறது. டக்கர் என்னைக் கண்டுபிடிக்கிற வேகத்தைப் பார்த்து பியூலாவே வாயைப் பிளந்தாள். குழியை எங்கே மாற்றினாலும் நேராக வந்துவிடுகிறது. "மாமா, நீங்க வந்த நேரம்" என்று என் கையைப் பிடித்துக்கொண்டாள். என் உடம்பில் ஒரு காந்தம் இருக்கிறது என்று எங்கள் ஊர்ச் சோசியர் சொன்னது உண்மைதான்.

நெத்திலி பாதி டப்பா காலி.

ராத்திரிச் சாப்பாட்டுக்குத் தேங்காய்ப்பால் சொதி வைத்தாள். பாடிக்கொண்டே வைத்தாள்.

நவம்பர் 21, செவ்வாய்

டேல் என்கிறவர் வந்தார். பியூலாவின் மேலதிகாரி, தாடிக்காரர். தேர்வுக்கு முன் ஒரு ஒத்திகை. அவரே குழிக்குள் போய்ப் படுத்துக்கொண்டார். நான் தள்ளி, வண்டிப் பக்கம் நின்றேன்.

"தேடு!"

டக்கர் ஓடியது. குவியலை ஒரு சுற்றுச் சுற்றியது. காற்று என் பக்கமிருந்து வீசியது. மூக்கைத் தூக்கியது. நேராக என்னிடம் வந்து, எதிரே உட்கார்ந்து, என் சட்டைப் பையைப் பார்த்துக் குரைத்தது. பியூலா மறுபடி அனுப்பினாள். மறுபடியும் என்னிடம் வந்தது. மூன்றாவது தடவையும்.

டேல் தானாகவே குழியை உடைத்துக்கொண்டு வெளியே வந்தார். தாடியெல்லாம் பனி. திட்டவில்லை. பியூலாவின் தோளில் கையை வைத்து மெதுவாக ஏதோ சொன்னார். அவள் தலையைக் குனிந்தபடி கேட்டுக்கொண்டாள்.

நாய்க்கு வயிறு சரியில்லை என்று நினைக்கிறேன்.

நவம்பர் 22, புதன்

அக்கா போன் செய்தாள். "தோத்துரும் போலன்னு அழுதாளே! நல்லதாப் போச்சு. நீ வாயத் தொறக்காம இரு ஞானம்." வாயைத் திறக்காமல் இருந்தேன். தூக்கம் வரவில்லை, குளிர்தான் காரணம்.

நவம்பர் 24, வெள்ளி

தபால் நிலையம் போனோம். அங்கே மார்லீன் என்ற அம்மாள், எழுபது வயதிருக்கும். மேசையில் ஒரு வாலிபனின் படம், தோளில் சறுக்குக் கட்டைகள், வாய்நிறையச் சிரிப்பு. "குட் சன்!" என்று பாராட்டினேன். அந்த அம்மாளும் "யெஸ், குட் சன்" என்றார். பியூலா சட்டென்று வெளியே போய்விட்டாள்.

வண்டியில் சொன்னாள்: "போன நவம்பர்ல அந்தப் பையன் இந்த மலையிலதான் பனியில பொதைஞ்சு செத்தான் மாமா. மொதப் பனியப் பாத்ததும் எல்லாருக்கும் கிறுக்குப் பிடிச்சிரும், மலை தொறக்குமுன்னே ஏறிருவாவ. டக்கரு அப்ப தேறியிருக்கல. தேறாத நாய விடக் கூடாதுன்னு சட்டம். வேற ஊர்லயிருந்து நாயி வர ஒரு மணி நேரமாச்சு."

வீட்டு வாசலில் வண்டி நின்றதும் நான் ஒரு கதை சொன்னேன்.

"பியூலா, எங்க ஊர்ல ஒருத்தன் இருந்தான்."

"ம்."

"நல்ல மனுசன். பெரிய அறிவாளி. நாயின்னா உசுரு. வேல செஞ்ச நாய்க்குக் கயித்தக் குடுக்க அவனுக்கு மனசு வரல. பையில கருவாடு வச்சிருந்தான்…"

அவள் மெதுவாக என் பக்கம் திரும்பினாள்.

"அந்த நாயி ஆளத் தேடாமக் கருவாட்டத் தேட ஆரம்பிச்சிட்டு."

"அந்த ஒருத்தன் பேரு என்ன மாமா?"

"ஊர்ப் பக்கம் நெறையப் பேருக்கு அந்தப் பேரு உண்டு."

ஸ்டியரிங்கில் தலையை வைத்துக்கொண்டாள். தோள் குலுங்கியது. அழுகிறாள் என்று நினைத்தேன். நிமிர்ந்தபோது கண்ணில் தண்ணீரும் இருந்தது, சிரிப்பும் இருந்தது. "எம் பிள்ளைக்கு மூக்கு கெட்டுப்போச்சுன்னு நெனைச்சேன் மாமா! மூக்கு நல்லாத்தான் இருக்கு!" பிறகு கோபம் வந்தது. அதை இங்கே எழுத இடமில்லை.

நவம்பர் 27, திங்கள்

இனிமேல் நான் படுத்தால் பயன் இல்லை. தினம் வேறு வேறு ஆள் வேண்டும், கருவாட்டு வாசனை படாத ஆள். பியூலா யாரிடமும் கேட்கமாட்டாள். நான் கேட்டேன்.

என் ஆங்கிலத்தை இந்த ஊரார் நல்ல ஆங்கிலம் என்கிறார்கள். சனிக்கிழமை ரொட்டிக்கடையில் போய், "யூ சிலீப் ஐஸ், டாக் கம், ஐ கிவ் தோசா" என்றேன். கடைக்காரன் ஒரு அடி பின்வாங்கினான். கையைக் காலை ஆட்டி விளக்கினேன், தரையில் படுத்தும் காட்டினேன். கூட்டம் கூடிவிட்டது. அன்று சாயங்காலமே ஒன்பது பேர் வந்தார்கள். என் கணக்கில் ஐம்பது. ரொட்டிக்கடைக்காரன், பள்ளிக்கூட டீச்சர், பனி தள்ளுகிற டிரைவர், எல்லாரையும் முறைவைத்துப் புதைத்தோம். முதல் நாள் டக்கர் குழம்பியது. ஆள் ஆளாகப் போய்ப் பையை மோந்தது. எதுவும் இல்லை. அடுத்த நாள் குழியை மோந்தது.

மார்லீன் அம்மாளும் வந்தார். மற்றவர்களைவிட அதிக நேரம் உள்ளே கிடந்தார். வெளியே வந்து டக்கரின் கழுத்தைக் கட்டிக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். தோசை வேண்டாம் என்றுவிட்டார். பியூலா போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தாள். இரண்டு பேரும் என்ன பேசினார்களோ. போகும்போது அந்த அம்மாள் அவள் கழுத்துத் துணியைச் சரிசெய்துவிட்டுப் போனார்.

வீட்டில் இப்போது தோசைக்கல் ஆறுவதில்லை.

நவம்பர் 30, வியாழன்

இன்னும் ஒரு குறை. காற்று வீட்டுப் பக்கமிருந்து அடித்தால் டக்கர் ஒரு நொடி நின்று அடுக்களை ஜன்னலைப் பார்க்கிறது. உள்ளே மீதி நெத்திலி டப்பா. ஒரு நொடிதான். ஆனால் பியூலாவின் முகத்தைப் பார்த்தேன்.

மேலும் பனி. மலையை யாரும் தொடக் கூடாது என்று ஊரெல்லாம் எச்சரிக்கை.

டிசம்பர் 2, சனி

பனி சரிந்தது. நலமாக இருக்கிறேன்.

டிசம்பர் 3, ஞாயிறு

எழுத ஒன்றுமில்லை.

டிசம்பர் 4, திங்கள்

"என்ன மாமா, டைரி எழுதலயா?" என்று பியூலா கேட்டாள். எழுதுகிறேன். இந்தப் பக்கத்தைச் சங்க வாசலில் வாசிக்கமாட்டேன்.

சனிக்கிழமை காலை நெத்திலி டப்பாவை எடுத்துக்கொண்டு பின்பக்கம் போனேன். ஓடைக்கு அந்தப் பக்கம் கொண்டுபோய் எறிந்துவிட்டால் வாசனைத் தொல்லை தீரும் என்பது என் எண்ணம். வெளியே போகிறவர்கள் மாட்டிக்கொள்ளவேண்டிய, பனியில் புதைந்தால் இடத்தைக் காட்டிக்கொடுக்கிற ரேடியோக் கருவி ஆணியில் தொங்கியது. நாலு எட்டில் திரும்பப்போகிறவனுக்கு அது எதற்கு.

ஓடைக்கரை அவள் போகக் கூடாது என்ற இடம்தான். அடி பலம் என்று நினைத்தேன். சரிவின் கீழே பள்ளத்தில் இறங்கினேன். டப்பாவை எறிய ஓங்கினேன், மூடி கழன்று கருவாடெல்லாம் பனிமேல் சிதறியது. குனிந்து பொறுக்க ஒரு எட்டு வைத்தேன்.

"உம்" என்று ஒரு சத்தம். பூமி பெருமூச்சு விட்டது போல. காலுக்கடியில் எல்லாம் ஒரு விரற்கடை தாழ்ந்தது. மேலே பார்த்தேன். சரிவின் குறுக்கே கத்தியால் கீறியது போல ஒரு கோடு ஓடியது. பெரிய சத்தம் ஒன்றும் இல்லை. பலகை பலகையாக வந்தது.

முகத்துக்கு முன்னால் கையைக் குவித்தேன். பழக்கத்தில் வந்தது அது ஒன்றுதான்.

குழிக்குள் படுப்பது வேறு, இது வேறு. விரலை அசைக்க முடியவில்லை. நீல வெளிச்சம் இல்லை. கத்தினேன். என் சத்தம் என் காதுக்கே கேட்கவில்லை. சங்கீதம் ஞாபகம் வரவில்லை. பியூலா சொன்னாளே, அவள் சொன்னாளே என்பது மட்டும்தான் ஓடியது. அக்காவிடம் இவள் என்ன சொல்வாள் என்றும்.

மீதியைப் பியூலா சொல்லித்தான் தெரியும். சத்தம் கேட்டு வெளியே ஓடிவந்திருக்கிறாள். மேலே இன்னும் வரப் பனி இருக்கிறதா என்று ஒரு தடவை அண்ணாந்து பார்த்திருக்கிறாள், மொத்தமும் வந்துவிட்டிருந்தது. என் காலடித் தடம் பள்ளத்தில் இறங்கி, சரிந்த பனியில் போய் முடிந்திருந்தது. டக்கரை அவிழ்த்து "தேடு" என்றாளாம்.

சிதறிய கருவாடு, சரிந்து வந்த பனிக்கு வெளியே, ஓரத்தில், கண்ணுக்கு முன்னால் கிடந்தது. டக்கரின் ஓட்டம் நேரே அதன்மேல். பியூலா கண்ணை மூடிக்கொண்டாளாம். திறந்து பார்த்தபோது அது கருவாட்டைத் தாண்டிப் போயிருந்தது. பள்ளத்தின் நடுவில் நின்று இரண்டு காலாலும் பறித்துக்கொண்டிருந்தது.

எனக்குத் தெரிந்தது பிராண்டும் சத்தம். பிறகு மூக்கு. கன்னத்தில் சூடான மூச்சு.

கயிறு என்னிடம் இல்லை. கழுத்துத் துண்டின் நுனியை நீட்டினேன். கையில் வலுவில்லை, அதுவே பிடித்து இழுத்தது. பியூலா என்னைத் தோண்டி எடுத்துக்கொண்டே ஒரு வார்த்தைகூடத் திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

அடி பலம் இல்லை. அடியில் சீனி. எழுதிவிட்டேன்.

டிசம்பர் 7, வியாழன்

டாக்டர் பார்த்தார். விலாவில் கன்றல், வேறொன்றுமில்லை. மார்லீன் அம்மாள் ஒரு கேக் கொண்டுவந்தார். ரேடியோக் கருவியைக் குளிக்கும்போது மட்டும் கழற்றுகிறேன்.

டிசம்பர் 9, சனி

தேர்வு. வேறு மாகாணத்திலிருந்து இரண்டு பேர் வந்திருந்தார்கள், முகத்தில் சிரிப்பு மருந்துக்கும் இல்லை. டக்கர் கண்டிராத ஆள் இருவரை அகன்ற சமவெளியில் எங்கோ புதைத்துவிட்டார்கள். நாயைக் குழப்ப வேண்டுமென்றே ஒரு பை மாட்டிறைச்சியையும் தனியாகப் புதைத்தார்களாம். எனக்கு அப்போதே தெரிந்திருந்தால் மயங்கி விழுந்திருப்பேன்.

ஊரே வேலிக்கு வெளியே நின்றது. என்னை ரொட்டிக்கடைக்காரன் என் வாசனை நாய்ப் பக்கம் போகாதபடி, எல்லாருக்கும் பின்னால் நிறுத்திவைத்தான். இத்தனைக்கும் அன்று மூன்று தடவை குளித்திருந்தேன்.

"தேடு!"

இறைச்சி இருந்த இடத்தில் டக்கர் நின்றது. மோந்தது. மார்லீன் அம்மாள் என் கையை நெரித்தார். நாய் தும்மியது. பிறகு அந்த இடத்தை விட்டுவிட்டு ஓடியது. முதல் ஆள். கொஞ்ச நேரம் கழித்து இரண்டாவது ஆள். கயிறு இழுத்து விளையாடியது பாருங்கள், ராஜா போல.

டேல் முதலில் பியூலாவிடம் போகவில்லை. என்னிடம் வந்து, என் சட்டைப் பைக்குள் கையை விட்டுத் துழாவிப் பார்த்துவிட்டு, அப்புறம்தான் அவளுக்குக் கைகொடுத்தார். எல்லாரும் சிரித்தார்கள். நான் பெருந்தன்மையாக அனுமதித்தேன்.

டிசம்பர் 10, ஞாயிறு

அக்காவுக்கு நானே போன் செய்தேன்.

"நாயி தோத்துச்சாலே?"

"தேறிட்டு அக்கா."

"நீ கூட இருந்துமா?"

"நான் கூட இருந்ததாலதான்."

திட்டுவாள் என்று போனைத் தள்ளிப் பிடித்தேன். அவள் மெதுவாகக் கேட்டாள்: "பிள்ள சிரிக்காளா?"

அடுக்களையில் டீச்சரும் டிரைவரும் தோசைக்குக் காத்திருந்தார்கள். பியூலா யாரோ சொன்னதற்கு ஓவென்று சிரித்துக்கொண்டிருந்தாள். போனை அந்தப் பக்கம் நீட்டினேன். அக்கா கேட்டுக்கொண்டே இருந்தாள்.

பிறகு, "சரி, நீயாவது எப்ப வாரே?" என்றாள்.

இன்று காலை மறுபடி தரைவரை தோண்டிப் பார்த்தோம். இப்போது என் நெஞ்சு உயரம். அடியில் இன்னும் சீனிதான், ஆனால் ஒரு பிடி அள்ளினால் முன்போல முழுதும் கொட்டவில்லை, கொஞ்சம் கையில் நின்றது. "மேல நல்லா ஆழமா விழுந்து போத்திக்கிட்டா அடிப்பனி மெல்ல மெல்ல ஒட்டும் மாமா. மாசக்கணக்காகும். சில வருசம் ஒட்டாமலே போயிரும். தோண்டிப் பாத்துக்கிட்டேதான் இருக்கணும்" என்றாள் பியூலா.

அக்காவிடம், அடிப்பனி ஒட்டினதும் வருகிறேன் என்றேன். அது எப்போது என்றாள். பனிக்கும் எனக்கும்தான் தெரியும் என்றேன்.

ஓடைக்கரையில் வந்த பனி நாற்பது ஆள் உயரம் இருக்கும் என்று இப்போது நினைவு வருகிறது. குறைந்தது முப்பது. பின்னால் ஒரு கரடியும் ஓடிவந்தது.

நாளைக் காலை முதல் குழி எனக்கு, பையில் கயிறு மட்டும்.